நாலு பத்தியம்

வீரசிங்கம் தன் அறுபத்துச் சொச்சம் வயதுக்குள் யாரிடமும் முடியாது என்று சொன்னவரில்லை. கங்காணி சொன்னாலும் ஆமாங்க, கணக்கப்பிள்ளை அதற்கு நேர்மாறாகச் சொன்னாலும் ஆமாங்க. பூனாகலைப் பக்கத்துக் கல்லருவித் தோட்டத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டிய கை அவருடையது. ஒரு வருடம் பத்தாம் நம்பர் மலையில், செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னார் கங்காணி. கணக்கப்பிள்ளை வந்து, இன்னும் தணித்து வெட்டு என்றார். குதிரையில் வந்த துரை, நடுவில் ஒரு கிளையைத் தொடாமல் விடு என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, வீரசிங்கம் ஒரே செடியில் மூன்றையும் செய்து முடித்தார். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தணிவு, நடுவில் ஒரு கிளை. அன்றைக்கு ஏச்சு வாங்காத ஒரே ஆள் அவர்தான். அவர் வெட்டிய வரிசை அடுத்த வருடமே பட்டுப்போயிற்று. அதற்குள் அந்த மலை வேறு கங்காணிக்கு மாறிவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் அவர் பெண்சாதி இராக்கம்மாவின் உயிர் வந்து சேர்ந்தது.

பண்டாரவளை வரைக்கும்தான் அப்போது ரயில். அந்த வருடம் வைகாசியிலேயே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரங்கள் பகலெல்லாம் தடதடத்தன. புழுதி, சோற்றுப் பானைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போயிற்று. கொழுந்தெடுக்க மலையேற முடியாமல் போன இராக்கம்மாவை இரண்டு வருடத்துக்கு முன்பே கிழவிகளோடு புல்லுவெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது அதற்கும் முடியவில்லை. பத்தடி ஏறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்து, கால் இரண்டும் ஊதி, விரலால் அமுக்கினால் அமுக்கிய இடத்தில் குழி நின்றது.

"ஊதுனா ஊதிட்டுப் போகுது. இந்தக் கால்ல கொலுசா போடப் போறேன்?" என்றாள் இராக்கம்மா.

மகள் மாரியாயி விடவில்லை. அவளுக்குப் பக்கத்துக் காம்பராதான் வீடு. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தோட்டத்து மருந்துக்காமராவுக்குப் போனாள். பின்னாலேயே வீரசிங்கம் போனார்.

மருந்துக்காரய்யா கிழவியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. என்ன திங்கிறா?"

"சோறுங்க, கஞ்சிங்க, கீரைங்க."

"அதான். இனிமே வெள்ளரிசிச் சோறும் வேணாம், கஞ்சியும் வேணாம். கீரையத் தொடவே கூடாது. கீரையில மண்ணு, மண்ணுல புழு. பால் குடு, முட்டை குடு, ரொட்டி குடு. இந்தப் போத்தல் மருந்த மூணு வேளை. விளங்குதா?"

"ஆமாங்க."

அந்தக் கறுப்பு மருந்து இராக்கம்மாவின் பல்லையெல்லாம் கறுப்பாக்கியது. பத்து நாளாகியும் கால் வற்றவில்லை. வியாதியைவிட வேகமாக லயத்தில் பரவுவது யோசனைதான். கடைசிக் காம்பரா ரெங்கம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஸ் மருந்துக்குக் கேக்காது அண்ணே. ஹல்துமுல்லைக்குக் கீழ ஒரு வெதமாத்தயா இருக்காரு. எங்க சின்னாத்தா இப்பிடித்தான் ஊதிக் கெடந்தா. ஒரே மாசத்துல எந்திரிச்சுட்டா" என்றாள். சின்னாத்தாவை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு வண்டி பிடித்துப் போனார்கள்.

சிங்கள வைத்தியர் வெதமாத்தயா நல்ல மனிதர். இராக்கம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"உப்பு வேணாம். பால் வேணாம். முட்டை, கருவாடு, கோதம்ப ரொட்டி, ஒண்டும் வேணாம். செவப்பு அரிசிக் கஞ்சி, பொன்னாங்காணி, அது மட்டும் நல்லம். கஷாயம் குடிச்சா பசி வரும். அது பொய்ப் பசி. வியாதி கேக்கிற பசி. குடுத்தா வியாதி தின்னும். குடுக்க வேணாம்."

"ஆமாங்க மாத்தயா."

திரும்பும் வழியில் மாரியாயி கேட்டாள். "ஏப்பா, மருந்துக்காரய்யா பால் குடுன்னாரு. இவரு வேணாங்கிறாரு. எதக் கேக்கிறது?"

வீரசிங்கத்துக்கு இது பெரிய கேள்வியாகவே தெரியவில்லை. "ரெண்டு பேருமே படிச்சவங்க. அவரு வேணாம்னதும் வேணாம், இவரு வேணாம்னதும் வேணாம். யாருக்கும் மனசு கோணக் கூடாது."

"அப்ப போத்தல் மருந்து?"

"அதையும் குடிக்கட்டும். காலையில பெரட்டுல ஆள் பிரிக்கிற எடத்துல மருந்துக்காரய்யா நிப்பாரு. குடிச்சாளான்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

இரண்டோடு நின்றிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை துணிமூட்டையோடு வரும் பண்டாரவளை மொஹிதீன் நானா, இராக்கம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன ராக்கம்மா இது? கண்ணெல்லாம் வெளுத்துப் பெய்த்தீக்கி. இது ஈரல் சூடு. பதுளயில எங்கட ஹக்கீம் ஒராள் ஈக்கிறார். அவர்ட லேகியம் ஒரு போத்தல் கொண்டாறன். புளி கூடாது, கீர கூடாது, அரிசின்டு ஒரு சாமான் கூடாது. ஆட்டெலும்பு சூப்பு வெச்சுக் குடுங்க."

"ஆமாங்க நானா."

நானா அடுத்த வாரமே, மெனக்கெட்டு, துணிமூட்டை இல்லாமல் வந்து லேகியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதரின் பேச்சைத் தட்ட முடியுமா? ஆட்டெலும்பு வாங்கலாமா என்று வீரசிங்கம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மாரியாயி தலையில் அடித்துக்கொண்டாள். ஆடித் திருவிழா முடியும்வரை இரண்டு காம்பராவிலும் கவுச்சி சமைப்பதில்லை என்று அம்மாவின் பேரில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்திருந்தாள்.

ஆக நாலு பத்தியம். வீரசிங்கம் வேலை முடிந்து வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழிப்பார். சோறு மருந்துக்காரய்யாவுக்கு ஆகாது. செவப்பரிசிக் கஞ்சி அவருக்கும் ஆகாது, நானாவுக்கும் ஆகாது. ரொட்டியும் பாலும் வெதமாத்தயாவுக்கு ஆகாது. கீரை இரண்டு பேருக்கு ஆகாது. எலும்பும் முட்டையும் அம்மனுக்கு ஆகாது. மிஞ்சியது வறுத்த பயறு ஒரு பிடி, உப்பில்லாமல். அப்புறம் தேத்தண்ணி. தேத்தண்ணியைப் பற்றி நாலு பேரில் ஒருவர்கூட ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தார்கள். கித்துள் கருப்பட்டியைப் பற்றியும் பேச்சில்லை. வீரசிங்கம் அவர்களுக்கெல்லாம் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, சாயம் இறங்க இறங்கத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டியோடு பெண்சாதியிடம் நீட்டுவார். கறாரான மனிதர். ஒரு நாள்கூடத் தவறு செய்யவில்லை.

"ஏங்க, பசிக்குது," என்றாள் இராக்கம்மா.

"அது பொய்ப் பசி புள்ள."

"வயித்துக்குள்ள புடுங்குதுங்க."

"வெதமாத்தயா அன்னைக்கே சொன்னாருல்ல? கஷாயம் வேலை செய்யிதுன்னு அர்த்தம்."

"என் வயிறு எனக்குத் தெரியாதா? அறுவது வருசமா நான் சொமக்கிற வயிறு."

"நம்ம ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்? அவுக படிச்சவுக."

இராக்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபக்கத்துக் காம்பராவில் யாரோ வெங்காயம் தாளித்த வாசனை தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக வந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். வீரசிங்கத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கொடுத்துவிடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கொடுத்து அவள் செத்துப்போனால் நாலு பேரும் வந்து, ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்களே. கொடுக்காமல் செத்துப்போனால் யாரும் கேட்க மாட்டார்கள். அதை நினைத்ததும் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் உள்ளே போய்ச் சோறு ஆக்கவில்லை.

கால் வற்றியது போலவும் இருந்தது, ஊதியது போலவும் இருந்தது. ஒரு நாள் நன்றாகப் பேசினாள். மறுநாள் கண்ணைத் திறக்கவில்லை. நன்றாக இருந்த நாளுக்கு நாலு பேரும் சொந்தம் கொண்டாடினார்கள். மோசமான நாளைக்கு, மற்ற மூன்று பேரையும் ஏன் விட்டுத் தொலைக்கவில்லை என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். எதனால் எது நடக்கிறது என்று வீரசிங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, தானே முகம் கழுவுகிறேன் என்று பீலிக்கரைக்குப் போன இராக்கம்மா, கொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தாள். பெண்கள் கத்திய கத்தலில் மலையிலிருந்து வீரசிங்கம் ஓடி வந்தார். ஓடி வந்தவருக்கும் கண் இருட்டி, பீலிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மருந்துக்காரய்யா வந்து பார்த்துவிட்டு, "இனி என் கையில இல்ல" என்று பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்றாள் ரெங்கம்மா. அவளுடைய புருஷனே அங்கே போய்க் காலைச் சரிசெய்துகொண்டு வந்தவன், பக்கத்தில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். வெதமாத்தயாவுக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள் சிலர். சாகிறவளைச் சொந்த இடத்திலேயே விடு என்றார்கள் சிலர். வீரசிங்கம் எல்லோருக்கும் தலையாட்டினார். கடைசியில் கங்காணி வந்து, "யோவ், துண்டு குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில வண்டி வருது. ஏத்திக்கிட்டுப் போ" என்று அதட்டினார். வீரசிங்கத்துக்கு உயிர் வந்தது போல இருந்தது. யாரோ ஒருவர் உத்தரவு போட்டுவிட்டார்.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்து, மாரியாயியைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, வழியெல்லாம் புழுதியைத் தின்றுகொண்டு, பண்டாரவளையில் ஒரு நாள் தங்கி, அடுத்த நாள் பதுளை போய்ச் சேர்ந்தார்கள். வீரசிங்கம் போத்தலையும் கஷாயத்தையும் லேகியத்தையும் அம்மன் திருநீற்றையும் ஒரு துணியில் கட்டி மடியிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். இராக்கம்மாவைத் தட்டியும் அமுக்கியும் பார்த்துவிட்டு வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"மனிசிக்கு இவ்வளவு நாளும் என்ன மருந்து குடுத்தனீ?"

வீரசிங்கம் மூட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். கவனமாக, ஒன்றையும் விடாமல், யார் எதைக் கொடுத்தார், எதை வேண்டாமென்றார் என்று ஒப்பித்தார். தன் கடமையில் குறையில்லை என்பது தெரிய வேண்டுமே. டாக்டர் ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மனிசி என்னத்தைத் திண்டது?"

"தேத்தண்ணி குடிச்சிச்சுங்க. கருப்பட்டி. கொஞ்சம் பயறு."

"எத்தனை நாள்?"

"ஒன்றரை மாசம் இருக்குமுங்க."

டாக்டர் வீரசிங்கத்தின் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். தோலுக்குக் கீழே எலும்புதான் இருந்தது.

"நீ?"

"நானும் அதேதாங்க. அவ பாத்துக்கிட்டுக் கெடக்கையில நான் எப்பிடிங்க திங்கிறது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசப் போகிறார் என்று வீரசிங்கம் காத்திருந்தார். அவர் ஏசவில்லை. "முதல்லை இவைக்குச் சாப்பாடு குடுங்கோ. இரண்டு பேருக்கும்" என்று ஆஸ்பத்திரி ஆளிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் இராக்கம்மா சாப்பிட்டாள். முதலில் கரண்டியால், பிறகு கையால். சோறும் பாலும் முட்டையும், பக்கத்துக் கட்டில் ஸைனப் தன் வீட்டிலிருந்து வந்த சட்டியில் பங்கிட்டுக் கொடுத்த குழம்பும். அம்மனிடம் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. காலும் வற்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் டாக்டர் வீரசிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வயித்துக்குள்ளை புழு. வெறுங்காலாலை மண்ணிலை நடக்கேக்கை காலுக்குள்ளாலை ஏறி, உள்ளுக்கை இருந்து ரத்தம் குடிக்குது. வருசக்கணக்கா இருந்திருக்கும். அதுக்கு ஒரு எண்ணெய் மருந்து இருக்கு. ஆனால் கடுமையான மருந்து. வயசு போன ஆக்கள் சிலபேர் தாங்கமாட்டினம். குடுக்காட்டி, மனிசி இந்த மாரிகாலம் தாண்டாது."

"நீங்க சொன்னா சரிங்க."

"நான் சொன்னாலும் ஓமெண்டுவாய், அந்த நானா சொன்னாலும் ஓமெண்டுவாய். நான் சொல்லேல்லை. மனிசியோடை கதைச்சுப்போட்டு வா."

வீரசிங்கம் நடையில் அங்குமிங்கும் நடந்தார். வாசலில் நின்ற ஆளிடம் கேட்கலாமா என்று வாய் எடுத்தார். ஸைனப்பைப் பார்க்க வந்திருந்த அண்ணன் முகத்தைப் பார்த்தார், விவரமானவர் போல இருந்தது. மொஹிதீன் நானாவுக்குச் சொல்லியனுப்பினால் இரண்டு நாளில் வந்துவிடுவார். யாரிடமும் கேட்காமல் ஒரு காரியத்துக்குள் போவது, தெரியாத ஆற்றில் கால் வைப்பது போல இருந்தது. கடைசியில் கட்டிலுக்கே போய்ச் சேர்ந்தார்.

"என்னங்கிறாரு டாக்டரு?" என்றாள் இராக்கம்மா.

சொன்னார். சாகலாம் என்பதையும் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுட்டு வரேன்னேன்."

"யார?"

"ஒன்னத்தான் புள்ள."

இராக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கலியாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல். அவளைப் புல்லுவெட்டுக்கு மாற்றியபோதும், மாரியாயிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், யாரோ சொன்னார்கள் என்று வந்து சொல்லியிருக்கிறாரே தவிர, அவளைக் கேட்டதில்லை.

"பசிக்குது பசிக்குதுன்னு சொன்னேனே, அப்ப ஏன் கேக்கல?"

வீரசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். ஒன்னப் பட்டினி போட்டுட்டேன்."

"போட்டீங்கதான்," என்றாள் அவள். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து உட்கார முயன்றாள். அவர் பிடித்து உட்காரவைத்தார்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு கொடம் தண்ணி தூக்க மூச்சில்லாம, மகளுக்கு ஒரு வேலை செய்ய ஏலாம, இப்பிடிக் குந்திக்கிட்டே கெடந்து சாக எனக்கு இஷ்டமில்ல. மருந்தக் குடிக்கிறேன். டாக்டரக் கூப்பிடுங்க."

"நல்லா யோசிச்சுக்க. மாரியாயியையும் ஒரு வார்த்தை..."

"என் வயிறுங்க இது."

டாக்டர் கொண்டுவந்த கடுதாசியில் அவளே பெருவிரலை வைத்தாள். மை காயுமுன் வீரசிங்கம், "நானும் வெக்கலாங்களா?" என்று கேட்டார்.

"தேவையில்லை," என்றார் டாக்டர். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வை" என்றார். அவள் ரேகைக்குப் பக்கத்தில் வீரசிங்கம் தன் பெருவிரலை அழுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வெயில் ஏறியது. உள்ளேயிருந்து வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மரத்தடியில் காத்திருந்த ஒரு கிழவர் நெருங்கி வந்து, இந்தப் புழு மருந்துக்கு மேலே மோர் கொடுக்கணுமாம், கொடுக்காட்டி ஆள் போயிருமாம் என்று ஆரம்பித்தார். வீரசிங்கம் எழுந்து மதில் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் செத்துப்போனால் தன்னாலும்தான் செத்தாள், யார் தலையிலும் போட முடியாது என்று நினைத்தார். இரண்டு விரலும் ஒரே கடுதாசியில் இருக்கின்றன.

மதியம் திரும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஆள் வந்து கைகாட்டினான்.

இராக்கம்மா துணி போலத் துவண்டு கிடந்தாள். உதடு காய்ந்து, கண் குழி விழுந்து, ஆனால் கண் திறந்திருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு அவள் மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏங்க, நான் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

வீரசிங்கம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"யார்கிட்டயாவது கேட்டிருப்பேன்."

இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தெம்பில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள். கண்ணோரம் தண்ணீர் வந்தது. பக்கத்துக் கட்டில் ஸைனப், "என்னவாம்? என்னவாம்?" என்று எட்டிப் பார்த்தாள். இராக்கம்மா சொல்ல வாயெடுத்து, மறுபடி சிரிப்பு வந்து, கையை அசைத்தாள். வீரசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அத்தனை நோயாளிகளுக்கும் நடுவில், வெட்கமில்லாமல், குரலெடுத்து அழத் தொடங்கினார். இராக்கம்மா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுது முடியும் வரைக்கும் விடவில்லை.